பரணிலிருந்து இறங்கிய ரயில்: ஓய்வுக்குப் பிறகு மாடல் ரயிலுக்குத் திரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

1973-ல், கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா லண்டனிலிருந்து ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பொம்மை ரயில் செட் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிவந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. ஏழெட்டு வருஷம் கூடத்துத் தரையில் வட்டம் போட்டு ஓடிய அந்த ரயில், கல்லூரி, வேலை, கல்யாணம் என்று வந்ததும் பரணுக்குப் போய்விட்டது. 2023-ல் ஓய்வு பெற்ற கையோடு அம்மாவின் பழைய வீட்டைக் காலி செய்தபோது அது மறுபடி என் கைக்கு வந்தது.

அதன்பின் வீட்டுக்கு வருகிற நண்பர்கள், உறவினர்கள், அவர்கள் சொல்லி அனுப்பியவர்கள் என்று பலரும் ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்கிறார்கள். பாதிப்பேரின் பரணிலும் ஒரு பெட்டி இருக்கிறது; மீதிப்பேருக்குச் சின்ன வயதில் கிடைக்காத ஏக்கம் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

இந்த வயசுல பொம்மை ரயிலா? வீட்ல சிரிக்கிறாங்களே சார்.

சிரிக்கட்டும். பாடகர் ராட் ஸ்டூவர்ட் தன் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு மாடியில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து ஒரு அமெரிக்க நகரத்தையே ரயிலோடு கட்டினார். 2019-ல் அதை வெளியுலகுக்குக் காட்டியபோது அவருக்கு வயது 74. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்ட் என்ற மாடல் ரயில் காட்சியகத்தில் காலை முதல் இரவு வரை கூட்டம்; அங்கே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பவர்களில் நம் வயதுக்காரர்கள் நிறைய.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிறவர்களில் பலர் செய்யும் தவறு, பத்து வயதில் ஆசைப்பட்டதையெல்லாம் ஒரே மாதத்தில் வாங்கிக் குவிப்பது. பெட்டிகள் அலமாரியில் அடுக்கப்படும், ரயில் ஓடாது. இப்போது நமக்குப் பணத்தைவிடத் தட்டுப்பாடு கண்ணுக்கும் முதுகுக்கும்தான். சின்னதாக ஒன்று செய்து, ஒரு மாதத்துக்குள் ஒரு ரயிலை ஓடவிட வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

பழைய ஹார்ன்பி பெட்டி அப்படியே இருக்கு. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். மாமா கொண்டுவந்த கன்ட்ரோலரின் (ரயிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தை மாற்றும் டப்பா) ஒயரை நான் லேசாக வளைத்ததுமே மேல்தோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. தண்டவாளத்துக்குப் போவது 12 வோல்ட்தான், தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பழைய டப்பாவுக்குள் வருவது 230 வோல்ட். ஐம்பது வருஷத்து இன்சுலேஷனை நம்பி அதைப் பேரன் கையில் கொடுக்க முடியாது. பழைய கன்ட்ரோலரை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு, சுவரில் சொருகும் அடாப்டரோடு வரும் புதுக் கன்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் கட்டாயமான முதல் செலவு அது ஒன்றுதான்.

இன்ஜினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மைக்கில் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு துண்டு ஒயர் எடுத்து, ஒன்றை இடப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை வலப்பக்கச் சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் பாக்கி எல்லாம் சரிசெய்யக்கூடியதுதான்.

பேட்டரி வச்சேன். ம்ம்ம்னு உறுமுது, நகரல. மோட்டார் போச்சா?

பெரும்பாலும் இல்லை. ஐம்பது வருஷத்து கிரீஸ் கோந்தாகியிருக்கும், கரி அடைத்திருக்கும். என்னுடையது ஜின்டி என்று செல்லமாக அழைக்கப்படும் ஆறு சக்கரக் குட்டி நீராவி இன்ஜின். உள்ளே எக்ஸ்04 என்ற மோட்டார். ஹார்ன்பியோடு பின்னால் இணைந்த ட்ரையாங் கம்பெனியின் காலத்திலிருந்து லட்சக்கணக்கில் போட்டார்கள். மேல்கூட்டைக் கழற்றினால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி திறந்தே இருக்கும். அந்தக் காலத்து ஆட்கள் பிரித்து மாட்டுவதை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள்.

மோட்டாரின் ஒரு நுனியில் மூன்று துண்டாகப் பிளந்த ஒரு செம்பு உருளை தெரியும். அதுதான் கமியூட்டேட்டர். என்னுடையது அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளையை விரலால் சுற்றிக்கொண்டே துடைத்தேன். பஞ்சு கறுக்கக் கறுக்க மாற்ற வேண்டும். எனக்கு ஒன்பது குச்சி ஆனது. பிறகு அந்த மூன்று பிளவுகளுக்குள் அடைந்திருந்த கரியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். உண்மையான குற்றவாளி அதுதான்: கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால் பிளவுகள் அடைபட்டால் மோட்டார் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, சுற்றாமல் சூடாகும். உருளையை உரசி மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களையும் எடுத்துத் துடைத்து, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். இன்றைக்கும் கிடைக்கிறது. கடைசியாகத் தண்டின் இரு முனையிலும் ஊசி நுனியால் ஒவ்வொரு சொட்டு எண்ணெய்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காந்தத்தின் நடுவிலிருந்து சுற்றும் பாகத்தை வெளியே இழுக்காதீர்கள். அந்தக் கால காந்தம் அதனால் பலம் குறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் இன்ஜின் நோஞ்சானாகத்தான் ஓடும்.

டபிள்யூடி-40 அடிச்சா போதாதா?

கதவுக் கீலுக்கு அடியுங்கள். இன்ஜினில் அது போகக்கூடாத இடமெல்லாம் போய், காய்ந்து, தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் பழைய உலோகப் பற்சக்கரங்களுக்குப் பரவாயில்லை. பிளாஸ்டிக் பற்சக்கரம் உள்ள புது இன்ஜின்களுக்கு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காதது என்று எழுதியிருக்கும் எண்ணெய் மட்டும்.

ஓஓ (OO), ஹெச்ஓ (HO), 'என்' (N)... எல்லாமே ஒண்ணுதானே? எதை வாங்கறது?

ஸ்கேல் என்பது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது. கேஜ் என்பது இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஹெச்ஓ 1:87, உலகம் முழுக்கப் பரவலானது. ஓஓ 1:76, பிரிட்டனுக்கே உரியது. ஹார்ன்பி பெட்டி என்றால் அநேகமாக இதுதான். இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மில்லிமீட்டர் தடத்தில். 'என்' (N) ஸ்கேல் 1:160 (பிரிட்டன் மாடல்கள் 1:148), தடம் 9 மில்லிமீட்டர். இடையில் டிடி என்று 1:120 ஒன்று உண்டு, தடம் 12 மில்லிமீட்டர். ஹார்ன்பி 2022-ல் இதிலும் இறங்கியது.

பெரிய இன்ஜினும் சின்ன இன்ஜினும் எப்படி ஒரே தடத்தில் ஓடும் என்று கேட்பீர்கள். பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் குறுகல், அதனால் ரயில்களும் ஐரோப்பிய ரயில்களைவிட ஒல்லி. 1:87-ல் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடம்பை மட்டும் பெரிதாக்கி, தடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கணக்குப்படி ஓஓ-வுக்கு 18.83 மில்லிமீட்டர் தடம் வேண்டும். நேராக முன்னால் நின்று பார்த்தால் வண்டி இடுக்கிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். தெரிந்துகொண்ட பிறகு அது கண்ணை விட்டுப் போகாது, அதனால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் யோசனை: பரணில் ஏற்கெனவே ஓஓ இருந்தால் ஓஓ-விலேயே இருங்கள்.

வீடு சின்னது, அதனால 'என்' (N) ஸ்கேல்னு நினைக்கிறேன். கண்ணுதான் கொஞ்சம்...

கையோடு ஒரு சோதனை செய்யுங்கள். தண்டவாளத்தில் இன்ஜினை வைப்பதை ரயிலேற்றுவது என்போம். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பும் தண்டவாளத்தின் உள்பக்கமாக உட்கார வேண்டும். 'என்' ஸ்கேலில் அந்த விளிம்பு அரை மில்லிமீட்டர் அளவுதான். யாரிடமாவது இரவல் வாங்கி, உங்கள் படிக்கும் கண்ணாடியோடு, இரவு விளக்கில், நான்கு பெட்டிகளை ஏற்றிப் பாருங்கள். எரிச்சல் வந்தால் ஓஓ அல்லது ஹெச்ஓ.

கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் பெரிய ஸ்கேல்தான் சௌகரியம். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவிடுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பவும் ஜின்டியைப் பார்த்தபோது, அது கறுப்பு, கரும்பச்சை அல்ல என்று தெரிந்துகொண்டேன்.

ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். எங்க சார் வைக்கிறது?

புத்தக அலமாரியின் மேல்தட்டு போதும். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த 'இங்கிள்நுக்' என்ற யார்டு ஒன்று இருக்கிறது. இரண்டு பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் இணைப்பு), மூன்று கிளைத்தடம். முதல் தடத்தில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எட்டு வேகன்களைக் கலைத்துப்போட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்தை, எடுத்த வரிசையிலேயே, ஒரு இன்ஜினை வைத்து முன்னும் பின்னும் தள்ளிக் கோர்க்க வேண்டும். எட்டில் ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழி உண்டு. நான் தினம் மாலை காபிக்குப் பிறகு ஒரு ஆட்டம் போடுகிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஓஓ-வில் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலம் போதும்.

வட்டமாகச் சுற்றுவதைப் பார்த்தால்தான் திருப்தி என்றால் அகலம் வேண்டும். ஹார்ன்பியின் மிகச் சிறிய வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர், அடுத்தது 438. இரண்டாவதை வைத்தால் பலகை ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் கடையில் கிடைக்கும் எட்டுக்கு நாலடி பிளைவுட் ஒன்றில் இரட்டை வட்டமே அடங்கும். ஆனால் அந்தப் பலகை ஒரு அறையை விழுங்கிவிடும். கட்டிலா ரயிலா என்று பேச்சு வரும்.

எனக்கு முழு பாண்டியன் எக்ஸ்பிரஸ் வேணும். எல்லாப் பெட்டியோடயும்.

இந்த ஆசை இல்லாத ஆளே இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். எல்ஹெச்பி என்ற புது ரகப் பெட்டி ஒன்று 23.54 மீட்டர், 1:87-ல் 27 சென்டிமீட்டர். 22 பெட்டி என்றால் அதுவே ஆறு மீட்டர், இன்ஜின் தனி. ரயில் நிற்கவே இருபது அடி பிளாட்பாரம் வேண்டும், அப்புறம்தான் அது ஓடுவதற்கு இடம். 'என்' ஸ்கேலிலும் மூன்றேகால் மீட்டர் வரும். மேலே சொன்ன 438 மில்லிமீட்டர் வளைவில் இந்த நீளப் பெட்டிகள் போனால் மூலைகள் வெளியே துருத்தி அசிங்கமாக இருக்கும். 600-க்குக் குறையாமல் வைக்கப் பாருங்கள்.

மாடல்காரர்கள் இதற்குச் செய்வது சுருக்குவது. இன்ஜின், ஒரு ஜெனரேட்டர் பெட்டி, ஒரு ஏசி, இரண்டு ஸ்லீப்பர், ஒரு பொதுப்பெட்டி. ஆறு வண்டி போதும், மனசு மீதியைச் சேர்த்துக்கொள்ளும்.

நம்ம ஊர் இன்ஜின் எல்லாம் கிடைக்குமா?

கிடைக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக. இந்திய அகலப்பாதை இன்ஜின்களையும் ஐசிஎஃப் பெட்டிகளையும் சிறு தொகுதிகளாகச் செய்து விற்கிறார்கள். முப்பரிமாண அச்சில் மேல்கூடு எடுத்து, வெளிநாட்டு இன்ஜினின் அடிப்பாகத்தில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. வாங்குமுன் ஓடும் மாதிரியா, வெறும் காட்சிப்பொருளா என்று கேளுங்கள். ஒரு சங்கடமும் இருக்கிறது: நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், அது 1:87-ல் 19.3 ஆக வர வேண்டும். எல்லாரும் 16.5 தடத்திலேயே ஓட்டுகிறோம். ஓஓ-வின் கதைதான், நம்முடையதில் இன்னும் கூடுதல்.

என் ஆசை மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் இடைவெளியுள்ள பழைய பாதை. 1931-லிருந்து சென்னை பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ஓடிய மின்சார ரயிலையும், ஜப்பானிலிருந்து வந்த ஒய்ஏஎம்-1 மின்சார இன்ஜின்களையும் பார்த்து வளர்ந்தவன் நான். மீட்டர் கேஜ் 1:87-ல் பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகிறது. சுவிஸ் மலை ரயில்களுக்காக விற்கும் ஹெச்ஓஎம் தடம் 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! அகலப்பாதைக்காரர்களுக்குக் கிடைக்காத நெருக்கம். தடம் வாங்கிவிடலாம், வண்டியைத்தான் நாமே செய்ய வேண்டும். அட்டையில் வெட்டிய ஒய்ஏஎம்-1 ஒன்று ஒன்றரை வருஷமாக என் மேஜையில் பாதியில் நிற்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைச்சா வரி எவ்வளவு ஆகும்?

வலிக்கும். பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆக்கினார்கள். மாடல் ரயிலும் பொம்மைக் கணக்கில் வரலாம். பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் இன்சூரன்ஸையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி, அதற்கு மேல் மற்ற வரிகள். பிரிட்டனில் புது ஓஓ இன்ஜின் பெரும்பாலும் 100 பவுண்டுக்கு மேல்; வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன ஆகும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் போடும் நாளில் நடப்பு விகிதத்தைப் பார்த்துவிடுங்கள், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் சமாச்சாரம் இது.

வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் ஒன்றிரண்டு சொல்லிவிடுவதுதான் பலர் செய்வது. இன்ஜினைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். என் நண்பரின் மகன் செக்-இன் பெட்டியில் போட்டு, புகைபோக்கி இல்லாத நீராவி இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தான்.

பழைய தண்டவாளத்தையே வச்சுக்கலாமா?

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, நம் கடலோரக் காற்றில் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், விட்டுவிடுங்கள். ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வர், துடைத்து வைத்துக்கொள்ளலாம். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், வெள்ளி கிடையாது. அதனால் எடைக்குப் போட முயல வேண்டாம்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அழுக்கு அதில்தான் முதலில் போய் உட்காரும். அதே ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும் போதும். புதுத் தடம் வாங்குவதாக இருந்தால், பழைய இன்ஜின் ஓட வேண்டியவர்கள் கோட் 100 என்று கேளுங்கள். தண்டவாளம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர் உயரம் என்று அர்த்தம். பார்க்க இன்னும் அழகான கோட் 75-ல் பழைய ஆழமான சக்கர விளிம்புகள் தடத்தின் குறுக்குக் கட்டையில் தட்டித் தட்டி ஓடும்.

பலகை எவ்வளவு உயரத்துல இருக்கணும்?

உட்கார்ந்து ஓட்டுவீர்கள் என்றால் சாப்பாட்டு மேஜை உயரம், 75 சென்டிமீட்டர். நின்று ஓட்டினால் ஒரு மீட்டருக்கு மேல். உயரத்தைவிட முக்கியம், அடியில் நுழைந்து வேலை பார்க்கும்படி எதையும் கட்டாதிருப்பது. ஒயர் எல்லாம் அடிப்பக்கம்தான் இருக்கும். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் ஈயம் வைக்கிற (சால்டரிங் செய்கிற) வயது நமக்கு இல்லை. பலகையைக் கயிற்றுக் கட்டில் மாதிரி ஒருக்களித்து நிறுத்தக்கூடிய அளவுக்குச் சின்னதாக, லேசாகச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் தாங்கும் ரக பிளைவுட் எடுங்கள், ஐப்பசி மழையில் சாதா பிளை நெளிந்துவிடும்.

ஈயம் வைக்கத் தெரியாதவர்கள் தெருமுனை செல்போன் ரிப்பேர் கடைக்குத் தண்டவாளத்தை எடுத்துப் போங்கள். எங்கள் கடைத் தம்பி பத்து இணைப்புக்கு ஒரு டீ காசு வாங்கினான், வேலை சுத்தமாக இருந்தது.

டிசிசி, டிசிசிங்கிறாங்களே, அது கட்டாயமா?

இல்லை. டிசிசி என்பது ஒவ்வொரு இன்ஜினையும் டிஜிட்டல் கட்டளையால் தனித்தனியாக ஓட்டும் முறை. நாம் சிறுவயதில் ஓட்டியது நேர்மின்சாரம்: தண்டவாளத்தில் வோல்ட் ஏறினால் வேகம், பிளஸ் மைனஸை மாற்றினால் பின்னோட்டம். ஒரே தடத்தில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். டிசிசி-யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், அதோடு கட்டளையும் போகும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் டீகோடர் என்ற சிறு சில்லு உட்கார்ந்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கும். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் எண் 3. ஆகவே இரண்டு இன்ஜினை எதிரெதிரே ஓட்டலாம், விளக்கு, ஹாரன், டீசல் உறுமல் எல்லாம் வரும்.

இங்கிள்நுக் மாதிரி ஒரே இன்ஜின் வைத்து ஆடுகிறவருக்கு இதெல்லாம் வீண்செலவு. மூன்று இன்ஜினுக்கு மேல் போனால் யோசிக்கலாம்.

சரி, என் பழைய ஜின்டியில டீகோடர் போட முடியுமா?

முடியும், ஆனால் சும்மா சொருகுகிற வேலை இல்லை. எக்ஸ்04 மோட்டாரில் ஒரு கார்பன் பிரஷ் நேரடியாக உலோகச் சட்டத்தோடு தொடர்பில் இருக்கும். அதை அப்படியே விட்டு டீகோடரை இணைத்தால் முதல் நொடியிலேயே டீகோடர் கருகும். இரண்டு பிரஷ்களும் சட்டத்தைத் தொடாதபடி, ஸ்பிரிங்கின் இரு காலிலும் இன்சுலேஷன் குழாய் மாட்டி, பிரஷ்களுக்குத் தனித்தனி ஒயர் இழுக்க வேண்டும். மேலே உறுமும் இன்ஜினுக்குச் சொன்ன சுத்தத்தை முதலில் முடியுங்கள். கரி அடைத்த மோட்டார் இழுக்கும் மின்சாரமே டீகோடரைக் கொன்றுவிடும். சில கருவிகளில் டீகோடர் இல்லாத இன்ஜினையும் எண் 0-வில் ஓட்டலாம் என்பார்கள். மோட்டார் கீச்சிட்டுச் சூடாகும். நான் செய்ய மாட்டேன்.

ரயில் ஒரு சுத்து சுத்தி வந்த வழியே திரும்புற மாதிரி லூப் போட்டேன். கன்ட்ரோலர் கட் ஆயிடுது.

ஆகத்தான் செய்யும். இடது தண்டவாளம் மைனஸ், வலது பிளஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது தண்டவாளத்தை விரலால் தொட்டுக்கொண்டே லூப்பைச் சுற்றி வாருங்கள், வலது தண்டவாளத்தில் வந்து முடியும். பிளஸும் மைனஸும் நேராக முட்டிக்கொள்கின்றன. லூப்பின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, அந்தத் துண்டுக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள். ரயில் முழுவதுமாக உள்ளே அடங்குகிற நீளம் அந்தத் துண்டுக்கு வேண்டும். டிசிசி-காரர்களுக்கு இதைத் தானாகச் செய்யும் சிறு பெட்டி கிடைக்கிறது.

மார்கழியில போட்ட தடம் சித்திரையில பாம்பு மாதிரி நெளிஞ்சிடுச்சு!

எனக்கும் நடந்தது. மொட்டை மாடி ஷெட்டில், டிசம்பரில், ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் நெருக்கமாகத் தடம் போட்டுப் பெருமைப்பட்டேன். மே மாதம் ஒரு மத்தியானம் கதவைத் திறந்தால், நேர்த்தடம் நடுவில் வில்லாக வளைந்து கட்டைகளோடு எழும்பி நிற்கிறது. ஒரு கெஜத் தடம் 20 டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளும். கம்மி மாதிரித்தான் தெரியும். ஐந்து கெஜம் முட்டிக்கொண்டு நின்றால் ஒன்றரை மில்லிமீட்டர், அதற்குப் போக இடமில்லை. குளிர்ந்த நாளில் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்து, இணைத்துவிட்டு உருவி எடுங்கள். அந்த அட்டையின் தடிமன் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

ஜல்லிக்குப் பீச் மணல் போடலாமா?

அளவு சரியாக இருக்கும், ஆபத்தும் இருக்கிறது. நம் கடற்கரை மணலில் கருமணல் கலந்திருக்கும், அதில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு. மோட்டாரின் காந்தம் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மணலைக் கழுவிக் காயவைத்து, பலமான காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மணலுக்குள் பலமுறை அளைந்து எடுங்கள். பையில் கறுப்பாக மீசை முளைப்பதைப் பார்த்தால் நம்புவீர்கள். தடத்தில் பரப்பிய பிறகு, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக மேலேயே நின்றுவிடும்.

மலை செய்யத் தெர்மாகோல் பயன்படுத்தினாலும் ஃபெவிகால்தான். செருப்புக்கு ஒட்டுகிற பசை தெர்மாகோலைக் கரைத்துப் பள்ளத்தாக்கு ஆக்கிவிடும். எல்லாம் முடிந்ததும் ராத்திரிக்கு ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடுங்கள். பல்லி எச்சம் விழுந்த ஸ்டேஷன் கூரையைச் சுத்தம் செய்வது சுலபமில்லை.

வேகனோட அடிப்பாகம் தானா வெடிச்சு உதிருது. மத்ததுக்கும் தொத்திக்குமா?

தொற்றாது, ஆனால் குணமாகாது. அது மசாக் என்ற துத்தநாகக் கலவை. வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்படம் கொஞ்சம் சேர்ந்துவிட்டால், பல வருஷம் கழித்து உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு, உப்பி, நொறுங்கும். பசை போட்டு ஒட்டினாலும் பக்கத்தில் விரியும். மேல்கூட்டைக் காப்பாற்றி வேறு அடிப்பாகத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய இன்ஜின் செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முடி போன்ற விரிசல் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பேரன் கேக்கறான். கொடுக்கலாமா?

கன்ட்ரோலரைக் கொடுங்கள், இன்ஜினைத் தூக்கும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உதிரிகளை வாயில் போடும் வயதுக் குழந்தை என்றால் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

பழைய பெட்டிக்கு நல்ல விலை வரும்னு சொல்றாங்களே?

எழுபதுகளின் ஹார்ன்பி செட்டுகள் மலைமலையாகச் செய்யப்பட்டவை, பெரிய விலை போகாது. 1938-ல் வந்த ஹார்ன்பி டப்லோ மாதிரி மூன்று தண்டவாளக்காரப் பொருட்கள், அதுவும் அசல் அட்டைப்பெட்டியோடு இருந்தால், சேகரிப்பவர்கள் தேடுவார்கள். எதுவானாலும் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், பழைய இன்ஜினுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

என் காலத்துக்கு அப்புறம் இதையெல்லாம் என்ன செய்யறது?

தயங்கித் தயங்கி, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்கிற கேள்வி இது. ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு வரி: பெயர், ஸ்கேல், எந்தப் பெட்டியில் இருக்கிறது, ஓடுமா, டீகோடர் உண்டா, வாங்கிய விலை, இப்போது விற்றால் தோராயமாக என்ன வரும். பெட்டியின் மேலும் அதே எண்ணை ஒட்டுங்கள். விவரம் தெரிந்த நண்பர் ஒருவரின் பெயரையும் போன் எண்ணையும் முதல் பக்கத்தில் எழுதி, அவரிடமும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவார்கள்; அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்களுக்கு எல்லாமே ரயில்தான். விற்பதா, யாருக்காவது கொடுப்பதா என்பதையும் எழுதிவிடுங்கள்.

என் நோட்டு எந்த டிராயரில் இருக்கிறது என்று மகளுக்குக் காட்டியிருக்கிறேன். வாங்கிய விலை என்று ஒரு பத்தி அதில் இருப்பதால் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.